பேர் வெட்டிய நம்பர்

எங்கள் சாமான் காம்பராவில் இன்றைக்கு எல்லாச் சாமானும் அதனதன் இடத்தில் இருக்கிறது. சுத்தியல், வாள், குறடு, சீவுளி, கல் பெயர்க்கிற அலவாங்கு, டிரில் மிஷின் எல்லாமே சுவரில் நான் வெள்ளைப் பெயின்டால் போட்ட கோட்டுக்குள் விலகாமல் தொங்குகின்றன. போன மாதம் வெளியிலிருந்து ஒருவர் வந்தார். இப்படி ஒரு ஒழுங்கை எங்கேயும் பார்த்ததில்லை என்று சொல்லி இரண்டு படம் பிடித்துக்கொண்டு போனார். அவர் போனபிறகு கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்சநேரம் உள்ளேயே உட்கார்ந்திருந்தேன். ஒரு காலத்தில் நான் ஆசைப்பட்டதும் இந்தச் சுவருக்குத்தான்.

எங்கள் தேயிலைத் தோட்டம் ஹாலிஎலைக்கு மேலே இருக்கிறது. பஸ் ரோட்டிலிருந்து ஏறி வரவேண்டும். வேலைக்குப் போகிற தாய்மார் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போக ஒரு பிள்ளைக்காம்பரா இருந்தது. கீழே புதிதாக ஒன்று கட்டியதும் பழையது சும்மா கிடந்தது. அந்தச் சமயத்தில் ஒரு தொண்டு நிறுவனம் வந்து, லயம் என்கிற வரிசை வீட்டுச் சனங்கள் தங்கள் கூரையையும் கதவையும் தாங்களே திருத்திக்கொள்ளட்டும் என்று ஒரு லொறி நிறையச் சாமானை அதில் இறக்கியது. பெயர்ப்பலகை அடித்தார்கள், வடை சாப்பிட்டார்கள், போய்விட்டார்கள். சாவி என் கைக்கு வந்தது. எங்கள் தேயிலைப் பெக்டரி மூடும்வரை நான் அங்கே மிஷின் திருத்துகிற பிட்டருக்கு உதவியாளாக இருந்தவன். பதினெட்டு வருசம் ஸ்பேனர் எண்ணி வைத்தவனுக்கு இது பெரிய வேலையா என்று நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

எனக்கு ஒரு கெட்ட குணம். இருக்கவேண்டிய இடத்தில் இல்லாத பொருளைக் கண்டால் மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும். வீட்டில் தேங்காய் துருவியை மாற்றி வைத்தால்கூடச் சத்தம் போடுவேன். ஆகவே முதல் வேலையாக ஒவ்வொரு சாமானையும் சுவரில் பிடித்து அதன் உருவத்தைச் சுற்றிக் கோடு போட்டேன். பிள்ளைகளுக்காக வரைந்த படங்கள் அந்தச் சுவரில் அப்படியே இருந்தன. பெரிய வாள் ஒரு கிளியின் வாலுக்குக் குறுக்கே வந்தது. டிரில் மிஷினின் கோடு ஒரு ஆப்பிள் பழத்துக்குள் சரியாக அடங்கியது. அதைப் பார்த்து என் மனைவி, "பழத்துக்குள்ள புழு மாதிரி இருக்கு" என்றாள்.

அடுத்தது, யார் எடுத்தது என்று தெரியவேண்டும். பெயர் எழுதினால் சரிவராது. எங்கள் தோட்டத்தில் ஒரே பெயரில் எட்டுப் பேர், பத்துப் பேர் இருப்பார்கள். வீட்டுக்கு விலாசமும் கிடையாது. ஆனால் தோட்டத்தில் பேர் பதிந்த ஒவ்வொருவருக்கும் ஒரு செக்ரோல் நம்பர் உண்டு. காலையில் பெரட்டுக்களத்தில் வேலை பிரித்துக் கொடுக்கும்போது அந்த நம்பரில்தான் ஆளைக் கணக்கு வைப்பார்கள். தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுவோம். பெக்டரித் தகரத்தை வட்டமாக வெட்டி, நம்பர் குத்தி, வீட்டுக்கு ஒன்று கொடுத்தேன். சாமானை எடுத்தால் அந்த ஆணியில் உங்கள் வில்லையை மாட்டிவிட்டுப் போங்கள், திருப்பிக் கொண்டுவந்தால் வில்லையை எடுத்துக்கொண்டு போங்கள் என்றேன். எது எந்த வீட்டில் இருக்கிறது என்று ஒரு கணக்குக் கொப்பியிலும் எழுதி வைத்தேன். பெக்டரி மூடியபோதே என் நம்பர் போய்விட்டது. எங்கள் வீட்டுக்கு என் மனைவியின் முந்நூற்றுப் பதினெட்டுத்தான்.

மூன்று மாதம் நான் ராசா மாதிரி இருந்தேன். கூரைத் தகரம் மாற்றினார்கள், கதவுக்குக் கீல் போட்டார்கள், ஒருத்தர் கோழிக்கூடே கட்டினார். பிறகு ஒருநாள் பின்னேரம் சுவரில் மாட்டியிருந்த வில்லைகளை வரிசையாக வாசித்துக்கொண்டு வந்தபோதுதான் எனக்கு உறைத்தது. அந்த நம்பர்க்காரர்களில் பாதிப்பேர் செத்துப்போனவர்கள்.

சின்னவாளை எடுத்துப் போயிருந்தவர் நெஞ்சுவலியில் போய் ஏழு வருசம். மட்டம் பார்க்கிற ரசமட்டத்தை எடுத்த கிழவியை நானும் சேர்ந்துதான் தூக்கிக்கொண்டு போய் அடக்கம் செய்தோம். விசாரித்தால் விசயம் சாதாரணமானது. இளசுகள் யாரும் தோட்டத்தில் பேர் பதியவில்லை. கொழும்பில் கடைகளிலும் பண்டாரவளையில் ஹோட்டல்களிலும் வேலை செய்கிறார்கள். அவர்களுக்கு நம்பர் இல்லை. நம்பர் கேட்டதும் அப்பாவின் நம்பர், அம்மாவின் நம்பர் என்று கொடுத்துவிட்டார்கள். "எங்க வீட்டு நம்பர் அதுதான் மாமா" என்றார்கள். ஏமாற்றவேண்டும் என்று யாரும் செய்யவில்லை. நான் தலையில் அடித்துக்கொண்டேன். ஆனால் மாற்றவில்லை. செத்தவர் பெயரில் போனாலும் சாமான் திரும்பி வருகிறதே, பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

இப்போது என் மனைவியைப் பற்றிச் சொல்லவேண்டும். எங்கள் லயத்திலிருந்து பாதைக்கு இறங்கப் பாறையிலேயே வெட்டிய படிக்கட்டு இருக்கிறது. பழைய காலத்துப் படி. மழை தொடங்கினால் பாசி பிடித்துவிடும். அவளுக்கு முழங்கால் தேய்ந்துபோய் இரண்டு வருசமாகிறது. கொழுந்துக் கூடையோடு இறங்கும்போது பக்கவாட்டில் திரும்பி, ஒவ்வொரு படியாகக் காலை வைத்து இறங்குவாள். அவள் என்னிடம் கேட்டது ஒரே ஒன்றுதான்.

"புடிச்சிக்கிட்டு எறங்க ஒரு பைப்பு வச்சிக் குடுங்க. அது போதும் எனக்கு."

நல்ல பைப் ஒன்று பெக்டரிக் கழிவிலிருந்து கிடைத்திருந்தது. அதை அளந்து, வெட்டி, கால் பொருத்தி, பெயின்ட் அடித்து வாசலில் சாத்தி வைத்தேன். பாறையில் நாலு துளை போட்டு, கால்களை இறக்கிச் சீமெந்து ஊற்றவேண்டும். அவ்வளவுதான் வேலை. ஆனால் அந்தச் சமயம் டிரில் மிஷின் ஆணியில் இல்லை. அங்கே இருநூற்றுப் பதினாலு தொங்கியது.

இருநூற்றுப் பதினாலு எங்களுக்குப் பக்கத்து லயத்து மனுசர். அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். அவருடைய மகன் கொழும்பில் ஒரு கடையில் வேலை. மனைவியும் அங்கேதான், பிள்ளைகள் அவள் தாய் வீட்டில். பண்டிகைக்கு மட்டும் வந்து வீட்டைத் திறப்பார்கள். அந்த முறை ஆயுத பூசைக்கு வந்தவன், டிஷ் அன்டெனா பூட்டவேண்டும் என்று மிஷினை எடுத்திருந்தான். எப்படியும் பூசைக்கு எல்லாம் வந்துவிடும் என்று நான் இருந்தேன். பெக்டரி ஓடிய காலத்தில் பூசையன்றைக்கு அத்தனை சாமானையும் கழுவித் துடைத்து ஒரே இடத்தில் அடுக்கி, சந்தனம் குங்குமம் வைத்துக் கற்பூரம் காட்டுவோம். அதேபோல இங்கேயும் செய்ய அவலும் கடலையும் வாங்கி வைத்துக் காத்திருந்தேன்.

ஒருத்தரும் வரவில்லை. பொறுத்துப் பார்த்துவிட்டு லயத்துக்கு லயம் போனேன். எந்த வீட்டில் எந்தச் சாமான் இருந்ததோ அந்த வீட்டில் அதற்குப் பூசை நடந்துகொண்டிருந்தது. வாளுக்குப் பொட்டு, சுத்தியலுக்குப் பூ. அலவாங்கைக்கூட மஞ்சள் துணி சுற்றிச் சாமி படத்துக்குப் பக்கத்தில் நிறுத்தியிருந்தார்கள். தங்கள் வீட்டில் உழைத்த சாமானுக்குத் தாங்கள்தானே பூசை வைக்கவேண்டும் என்று நினைத்திருக்கிறார்கள். எனக்குச் சுண்டல் வேறு கொடுத்தார்கள். சாமானைக் கேட்டால், "பூச வச்ச சாமான ஒடனே வெளிய குடுக்கக்கூடாதுங்க, ரெண்டு நாள் போகட்டும்" என்றார்கள். இரண்டு நாளில் சொன்னபடியே எல்லாம் வந்தது, டிரில் மிஷின் மட்டும் வரவில்லை. அவன் பூசை முடித்த மறுநாள் காலையே வீட்டைப் பூட்டிக்கொண்டு கொழும்புக்குப் போய்விட்டான்.

சன்னல் இடுக்கால் பார்த்தேன். சாமி படத்துக்கு முன்னால், வாழை இலையின்மேல், வயரை அழகாகச் சுற்றி மிஷினை வைத்திருந்தான். மேலே ஒரு செவ்வந்திமாலை. நான் வைத்திருந்தால்கூட அவ்வளவு ஒழுங்காக வைத்திருக்கமாட்டேன்.

கொழும்புக்குப் போனில் கோல் எடுத்தேன்.

"தம்பி, மிஷின் உங்க வீட்டுல இருக்கு. ஆணியில உங்க அப்பா நம்பர்தான் தொங்குது."

"ஆமாங்க மாமா. அவசரத்துல மறந்துட்டேன். தீவாளிக்கு வந்துருவேன். பூசையில இருக்கு, யாரும் தொட மாட்டாங்க. பத்தரமா இருக்கும்."

"சரி. எங்க இருக்குன்னு தெரிஞ்சா போதும். கொப்பியில எழுதணும்ல."

இதைத்தான் சொன்னேன். எழுதியும் வைத்தேன். வேறொன்றும் சொல்லவில்லை. சாமான் இருக்கும் இடம் தெரிந்துவிட்டால் எனக்குப் பாதிப் பாரம் இறங்கிவிடும். அது பூட்டிய வீட்டுக்குள் இருக்கிறது, என் கைக்கு வராது என்பதெல்லாம் இரண்டாம் பட்சம்.

மழை பிடித்துக்கொண்டது. என் மனைவி வாசலில் சாத்தியிருந்த பைப்பைப் பார்த்துக்கொண்டே போவாள், வருவாள். ஒருநாள் கேட்டாள்.

"உளி இருக்குல்ல உங்க காம்பராவுல? அதால குத்தி எடுக்க ஏலாதா?"

"உளியால குத்துனா கல்லு வெடிக்கும். இருக்கிற படியும் போயிரும். தெரியாத வேலையப் பத்திப் பேசாத."

நான் எரிந்து விழுந்தால் பேச்சை நிறுத்திக்கொள்வது அவள் வழக்கம். கல் வெடிக்கலாம் என்பது பொய்யில்லை. ஆனால் எனக்கு உண்மையில் என்ன தடை என்று இன்றைக்கு யோசித்தால், துளை கோணலாக வரும், பார்க்க அசிங்கமாக இருக்கும், சரியான சாமான் இருக்கும்போது ஏன் அரைகுறையாகச் செய்யவேண்டும் என்பதுதான். தீபாவளிக்கு இன்னும் எட்டு நாள். எட்டு நாள்தானே.

மறுநாள் காலை அவள் பெரட்டுக்குப் போகத் தலைக்கு ரப்பர் சீட் போட்டுக்கொண்டு கிளம்பும்போது நான் முன்னதாகவே காம்பராவுக்கு வந்துவிட்டேன். சுவரில் கோடுகள் மங்கியிருந்தன. அவற்றின்மேல் மறுபடி வெள்ளை தடவிக்கொண்டிருந்தேன். சத்தம் கேட்டு ஓடும்போது என் கையில் பிரஷ் இருந்தது. டிரில் மிஷினின் கோட்டில் பாதிவரை வந்திருந்தேன். அந்தக் கோடு இன்றைக்கும் பாதி வெள்ளை, பாதி மங்கல்.

ஆறாவது படியில் விழுந்து கடைசிப் படிவரை போயிருந்தாள். கூடை அவளுக்கு முன்னாலேயே பாதையில் உருண்டு கிடந்தது. அவள் கத்தவில்லை. என்னைப் பார்த்து, "கால் எங்க இருக்குன்னு தெரியல" என்றாள். சாமான் காம்பராவின் பின்கதவைக் கழற்றி அதில் படுக்க வைத்து நாலு பேர் ரோட்டுவரை தூக்கிக்கொண்டு வந்தோம். பிறகு பதுளைக்கு. இடுப்பெலும்பு முறிந்திருந்தது. டொக்டர்மார் செய்யக்கூடியதைச் செய்தார்கள். எழும்பி உட்காரப் பழகலாம், பழையபடி நடப்பது கஷ்டம் என்று மெதுவாகத்தான் சொன்னார்கள். எனக்கு அது ஒரே தடவையில் விளங்கிவிட்டது.

அவள் ஆஸ்பத்திரியில் இருந்தபோது ஒருநாள் உடுப்பு எடுக்க வீட்டுக்கு வந்தேன். பைப் சாத்தியபடி இருந்தது. என்ன வந்ததோ தெரியாது, உளியையும் சுத்தியலையும் எடுத்துக்கொண்டு போய்ப் படியில் உட்கார்ந்தேன். காலையில் தொடங்கி, மறுநாள் பகல் சாப்பாட்டுக்கு முன் நாலு துளையும் முடிந்தது. ஒரு கல்லும் வெடிக்கவில்லை. துளை வட்டமாகக்கூட வந்தது. சீமெந்து ஊற்றிவிட்டு அங்கேயே இருந்து அழுதேன். பக்கத்து வீட்டு அக்கா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

தீபாவளிக்குச் சொன்னபடி அவன் வந்தான். மிஷினைத் துடைத்து, குங்குமப் பொட்டோடு இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்தான். அதற்குள் யாரோ அவனுக்கு எல்லாம் சொல்லியிருந்தார்கள்.

"மாமா, அத்தைக்குப் படிக்கட்டுல பைப்பு பூட்டணும்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, பூட்ட ஒடைங்கன்னு சொல்லியிருப்பேனே. கொப்பியில எழுதணும்னுதானே சொன்னீங்க."

அவன் குற்றம் சொல்லவில்லை, மன்னிப்புக் கேட்பதுபோலத்தான் சொன்னான். எனக்கு அவனை அறையவேண்டும்போல இருந்தது. மனைவிக்காகக் கேட்காமல் சாவிக்காரனாகக் கேட்டவன் நான். அதை எனக்குச் சொல்ல இவன் யார் என்று கோபம். வில்லையைக் கழற்றி அவனிடம் கொடுக்கவில்லை. வெறுமனே சரி என்று சொல்லி அனுப்பினேன்.

அன்றைக்குத்தான் அந்தச் சட்டத்தை எழுதினேன். கரும்பலகையில், கொட்டை எழுத்தில், 'பேர் வெட்டிய நம்பருக்குச் சாமான் கொடுக்கப்படாது.' செத்தவர், ஓய்வு எடுத்தவர், வேலையை விட்டவர், யாராக இருந்தாலும் செக்ரோலில் பேர் இல்லையென்றால் இல்லை. செத்த மனுசரின் நம்பரில் மிஷின் போனதால்தான் இவ்வளவும் வந்தது என்று எல்லாரிடமும் சொன்னேன். வீடு வீடாகப் போய் அப்படிப்பட்ட வில்லைகளைத் திருப்பி வாங்கினேன். இரண்டொருவர் முகம் சுளித்தார்கள். ஒரு பெண், "எங்கப்பா பேருல மிச்சமிருந்தது இது ஒன்னுதான்" என்றாள். அதையும் வாங்கிக்கொண்டு வந்துதான் விட்டேன். எல்லாவற்றையும் ஒரு பிஸ்கட் டின்னுக்குள் போட்டேன். இருநூற்றுப் பதினாலு அதில் முதலாவது.

அதற்குப் பிறகு சுவர் நிறையத் தொடங்கியது. வில்லை உள்ளவர்களுக்கு வயதாகிவிட்டது, கூரையில் ஏற ஆகாது. ஏறக்கூடியவர்களுக்கு வில்லை இல்லை. கொஞ்சநாள் வந்து வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். பிறகு அதுவும் நின்றுவிட்டது. கூரைத் தகரம் பறந்தால் கல்லைத் தூக்கி வைத்துக்கொள்கிறார்கள். கதவு கழன்றால் கம்பியால் கட்டிக்கொள்கிறார்கள். நான் தினமும் திறந்து தூசு தட்டி, எண்ணெய் போட்டு, எண்ணிப் பார்த்துச் சாத்துகிறேன். ஒன்றும் குறைவதில்லை.

சில மாதம் கழித்துத் தோட்டத்தில் என் மனைவியின் பேரை வெட்டினார்கள். வேலைக்கு வரமுடியாது என்று ஆனபிறகு வெட்டத்தானே செய்வார்கள். கணக்கப்பிள்ளை வீட்டுக்கே வந்து சொன்னார், மரியாதையாகத்தான் சொன்னார். அவள் படுத்தபடியே, "சரிங்க ஐயா" என்றாள்.

அவளுக்கு எழும்பி உட்காரவேண்டும் என்ற ஆசை மட்டும் இருந்தது. கட்டிலுக்குப் பக்கத்துச் சுவரில் கைப்பிடி ஒன்று இருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு எழும்பிப் பார்ப்பேன் என்று நாலைந்து நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். எங்கள் லயத்துச் சுவர் கருங்கல். இந்த முறை நான் ஒரு நாளும் தாமதிக்கவில்லை. காம்பராவுக்குப் போய் டிரில் மிஷினை எடுத்தேன். எடுத்தபிறகுதான் ஆணி வெறுமையாக இருப்பதைப் பார்த்தேன். என் சட்டைப் பையில் முந்நூற்றுப் பதினெட்டு இருந்தது. பலகையில் என் கையெழுத்தில் அந்தச் சட்டமும் இருந்தது. யாரும் பார்க்கவில்லை. மிஷினைச் சும்மா தூக்கிக்கொண்டு போனாலும் கேட்க ஆளில்லை. அப்படிப் போகவும் எனக்கு முடியவில்லை. அவள் வில்லையை அந்த ஆணியில் மாட்டினேன்.

கைப்பிடியைப் பூட்டினேன். நான் தொங்கிப் பார்த்தேன், அசையவில்லை. அவள் பிடித்தாள். நரம்பு புடைக்க இழுத்தாள். தோள் மட்டும் தலையணையிலிருந்து கொஞ்சம் மேலே வந்தது. மூன்று முறை பார்த்துவிட்டுக் கையை விட்டாள்.

"நல்லா உறுதியாத்தான் பூட்டியிருக்கீங்க" என்றாள்.

பின்னேரம் மிஷினைக் கொண்டுபோய் மாட்டிவிட்டு வில்லையை எடுத்துக்கொண்டு வந்தேன். எந்த நம்பரில் எடுத்தீர்கள் என்று கேட்டாள். உன் நம்பரில்தான் என்று சொல்லி, அவள் கையில் கொடுத்தேன். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தாள். விரலால் நம்பரைத் தடவினாள்.

"இத அந்த டின்லயே போட்டுருங்க. ஊருக்கெல்லாம் ஒரு சட்டம், நமக்கொரு சட்டம்னு இருக்கக்கூடாது."

நான் ஏதாவது சொல்லுவேன் என்று அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு வில்லையை என் பக்கம் நீட்டினாள்.

மறுநாள் காலை காம்பராவைத் திறந்ததும் முதல் வேலையாகப் போட்டேன். டின்னில் ஏற்கெனவே நிறையச் சேர்ந்திருந்தது. மூடியை இரண்டு முறை அழுத்திப் பார்த்தேன், மூடவில்லை. அப்படியே சன்னல் கட்டையில் வைத்துவிட்டு, சுவரில் இருந்த சாமான்களை எண்ணத் தொடங்கினேன். எல்லாம் சரியாக இருந்தது.